புதுச்சேரியில் கடல் குளியலா, ஸ்கூபாவா?

கரையோரக் குளியல் பத்திரம், காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது.

டைவிங்கில் பயிற்சியாளர் கூடவே இறங்குவார். முதல் தடவை 12 மீட்டரைத் தாண்ட விடமாட்டார்கள். நீருக்குள் மூச்சை அடக்கக் கூடாது. சளி இருந்தால் இறங்கவே கூடாது. ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் மறைக்காதீர்கள். அப்புறம், ஒரே ஒரு டைவ் என்றாலும் அடுத்த 12 மணி நேரத்துக்கு விமானம் வேண்டாம்.

கரையில் உங்கள் கூடவே யாரும் வரப்போவதில்லை. ராக் பீச்சில் பெரும்பாலும் பாறைதான். உட்கார்ந்து காற்று வாங்குவதோடு சரி. செரினிட்டி பீச்சிலும் கடலூர் சில்வர் பீச்சிலும் மணல் இருக்கிறது, ஆனால் இடுப்பளவு தண்ணீரிலேயே நீரோட்டம் ஆளை உள்ளே இழுத்துவிடலாம். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடத்தை நம்பாதீர்கள். குழந்தையோடு வருகிறவர்கள் அதைத்தான் தேடி இறங்குகிறார்கள்! பெரும்பாலும் இழுவை அங்கேதான். சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை ஆட்டிக் கூப்பிடுங்கள். குடித்திருந்தால் கால்கூட நனைக்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருந்தால் இரண்டையுமே தள்ளிப்போடுங்கள்.