ஒரே சுவரு, அஞ்சு கலரு: கிம்ப் 3.0
கல்யாண பத்திரிகைக்கு எங்க வீட்டு பழைய சுவத்த போட்டோ எடுத்து பேக்ரவுண்டா வச்சிருந்தேன், கஸ்டமர் அக்கா அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சைனு அஞ்சு கலர்ல கேட்டாங்க. ஓசில கிடைக்குற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் கிம்ப்லயே முடிச்சாச்சு. முதல்ல ஹியூ (கலரோட சாயல்) ஸ்லைடர இப்படியும் அப்படியும் இழுத்துட்டே இருந்தேன், ஒண்ணும் மாறல, சுவரே சாம்பல், அதுல மாத்துறதுக்கு கலர் எங்க இருக்குனு அப்புறம்தான் உறைச்சுது (மரமண்டை நானு). படம் முழுக்க ஒரே சாயல ஏத்துற கலரைஸ் ஃபில்டர போட்டதும் டக்குனு ஏறிடுச்சு, காரை பேந்த விரிசல் கூட அப்படியே தெரியுது. 2025ல வந்த இந்த 3.0ல அந்த ஃபில்டர், படம் இருக்குற லேயரோட (அடுக்கோட) கலந்துடாம அது மேல தனியா நிக்குது, அதனால எப்ப வேணாலும் திரும்ப போய் சாயல மாத்திக்கலாம். அரக்குக்கு மட்டும் லைட்னஸ (வெளிச்சத்த) நல்லா கொறைச்சுக்கோங்க, இல்லேன்னா ரோஸ் பவுடர் அப்புன மாதிரி ஆயிடும்.