புதன்கிழமை இரவுச் சால்மன்: ஏர் ஃப்ரையரா, குவாலியா, ஓவனா?

கோலாலம்பூரின் செந்தூலில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைக்கும்போது மணி ஏழரை ஆகிவிடுகிறது. சோற்றுக்கு அரிசி போட்டு ரைஸ் குக்கரைத் தட்டிவிடலாம், நேற்று வைத்த ரசத்தைச் சூடாக்கலாம். தொட்டுக்கொள்ள ஒரு மீன் துண்டு வேண்டும், அதுவும் எட்டே காலுக்குள் தட்டில் இருக்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் சைவம் என்பதால் மீன் பெரும்பாலும் புதன் இரவுக்கு. ஏறக்குறைய ஒரு வருடமாக ஏர் ஃப்ரையர், குவாலி என்னும் இரும்பு வாணலி, ஓவன் என்று மூன்று வழியிலும் சால்மன் சமைத்துப் பார்த்துவிட்டேன். வேலை நாளுக்கு ஏர் ஃப்ரையர்தான் என்பது என் முடிவு. ஆனால் நம் மசாலாவை அதற்கேற்ப மாற்றாவிட்டால் அந்த முடிவு நிற்காது.

பெயரில்தான் ஃப்ரையர் இருக்கிறது, அது எதையும் பொரிப்பதில்லை. 2010-இல் பிலிப்ஸ் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதும் சரி, இன்றைக்கும் சரி, உள்ளே இருப்பது மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேல் ஒரு விசிறி. சூடான காற்று சின்ன இடத்துக்குள் வேகமாகச் சுற்றுகிறது. மேல்பக்கத்து ஈரம் சீக்கிரம் காய்கிறது, அதனால் நிறம் பிடிக்கிறது. வளர்ப்புச் சால்மனில் 100 கிராமுக்குச் சுமார் 13 கிராம் கொழுப்பு. அந்த எண்ணெயே உருகி மீனைக் காய விடாமல் காப்பாற்றும். கொழுப்புக் குறைந்த மீனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

குவாலிக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். தோல் பக்கத்தை நன்றாக ஒற்றித் துடைத்து, மிதமான சூட்டில் தோல் கீழே இருக்கும்படி வைத்து, முதல் அரை நிமிடம் கரண்டியால் அழுத்திப் பிடித்து, ஐந்தாறு நிமிடம் அசைக்காமல் விட்டால் அப்பளம் போலத் தோல் மொறுமொறுக்கும். ஏர் ஃப்ரையரில் எனக்கு அந்தத் தோல் ஒரு நாளும் வரவில்லை. கீழ்ப்பக்கம் படுவது காற்று, காய்ந்த இரும்பு இல்லையே. தோலுக்காகவே சால்மன் தின்பவர் தயங்காமல் குவாலியை எடுக்கலாம். ஆனால் அடுப்பை விட்டு நகர முடியாது. எண்ணெய் தெறிக்கும். எங்கள் கொண்டோவின் (அடுக்குமாடி வீட்டின்) சமையலறையில் ஜன்னல் சின்னது, மறுநாள் காலை வரை திரைச்சீலையில் மீன் வாடை நிற்கும். ஏர் ஃப்ரையரிலும் வாடை உண்டு, ஆனால் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது.

ஓவன் ஆறு பேருக்கு மேல் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. நாலு துண்டுக்காகப் பத்து நிமிடம் வெறும் ஓவனைச் சூடாக்குவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. 1500 வாட் ஏர் ஃப்ரையர் 12 நிமிடம் ஓடினால் 0.3 யூனிட்டைத் தாண்டாது.

இனி மசாலா. முதல் தடவை அம்மா மீன் பொரிக்கத் தடவுகிற மாதிரியே மீன் கறித்தூளை அள்ளிப் பூசி வைத்தேன். மேலே கருகல், அடியில் மல்லித்தூளின் பச்சை வாசனை. காரணம் பிறகுதான் புரிந்தது. குவாலியில் மசாலாவை எண்ணெய் வறுத்துக் கொடுக்கிறது. இங்கே காற்று அதைக் காய வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மல்லி வேண்டாம், உலர்ந்த தூளாகவும் தூவ வேண்டாம். நாலு துண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 600 கிராமுக்கு, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், கால் மஞ்சள், அரை இடித்த சோம்பு, அரை மிளகு, ஒரு தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, முக்கால் உப்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய். எல்லாவற்றையும் விழுதாகக் குழைத்துத் தடவி 20 நிமிடம் வைத்தால் போதும். எலுமிச்சைச் சாற்றை ஊறும்போது ஊற்றினால் மீனின் மேல்பக்கம் வெளுத்து இறுகிப்போகும். வெந்த பிறகு லிமாவ் கஸ்தூரி என்னும் சின்ன எலுமிச்சையைப் பிழிவதுதான் நல்லது. கறிவேப்பிலையையும் உள்ளே போடாதீர்கள், இலேசான இலை காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகும்.

பிள்ளைகள் விரும்புவது இனிப்புக் கிச்சாப்பும் (இனிப்புச் சோயா சாஸ்) பூண்டும். அதில் சர்க்கரை இருப்பதால் முதலிலேயே தடவினால் கரிந்துவிடும். கடைசி இரண்டு நிமிடத்தில் பூசுகிறேன்.

சூடு 190 டிகிரி. மூன்று நிமிடம் முன்சூடு, பிறகு இரண்டரை செண்டிமீட்டர் தடிப்புள்ள துண்டுக்கு எட்டிலிருந்து ஒன்பது நிமிடம். வால் பக்கம் மெலிதாக இருந்தால் ஆறு நிமிடத்திலேயே பாருங்கள். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு, நடுப்பகுதி 63 டிகிரி. நான் 60-இல் எடுத்து இரண்டு நிமிடம் வெளியே விடுகிறேன், உள்ளிருக்கும் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. பக்கவாட்டில் வெள்ளையாகத் திரண்டு வருவது கெட்டுப்போன அறிகுறி இல்லை, அது மீனின் புரதம். நிறைய வந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று பொருள். முன்சூட்டின்போது, மீன் வைக்காமல் வெறும் பேக்கிங் காகிதத்தை மட்டும் கூடையில் போடவே கூடாது, பறந்து கம்பியைத் தொட்டால் தீப்பிடிக்கலாம்.

அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, “கெம்போங்குல இல்லாத சத்தாம்மா இதுல?” என்று கேட்டார். கெம்போங் என்பது கானாங்கெளுத்தி மீன். நியாயமான கேள்வி. சால்மன் நார்வேயிலிருந்தோ சிலியிலிருந்தோ வருவது, விலையும் அதற்கேற்ப. ஒமேகா 3 கெம்போங்கிலும் உண்டு. சத்துக்காக மட்டும் சால்மன் வாங்க வேண்டியதில்லை. ஆனால் கெம்போங்கை ஏர் ஃப்ரையரில் வைத்தபோது வயிற்றுப் பக்கம் காய்ந்து குச்சியாகிவிட்டது. அதற்குக் குவாலியும் தாராளமான எண்ணெயுமே பொருத்தம். தெங்கிரி (வஞ்சிரம்) துண்டு நடுவில் நிற்கிறது. இருபுறமும் கூடுதலாக எண்ணெய் தடவினால் ஏர் ஃப்ரையருக்கு ஒத்துவரும், ஆனால் ஒரு நிமிடம் தவறினாலும் வறண்டுவிடும். வேலை முடிந்து களைத்து வந்த இரவில் அந்த ஒரு நிமிடத்தைக் காவல் காக்க என்னால் முடிவதில்லை. சால்மன் பொறுத்துக்கொள்கிறது, நான் கொடுக்கும் கூடுதல் காசு அதற்குத்தான்.

உறைந்த துண்டே வாங்குகிறேன். செவ்வாய் இரவு ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் புதன் மாலை தயாராக இருக்கும். ஒரு துண்டு மிஞ்சினால் மறுநாள் அலுவலகத்தில் மைக்ரோவேவில் சுட வைக்க வேண்டாம், வாடை மாடி முழுக்கப் பரவும். சில்லென்று இருக்கும்போதே உதிர்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, லிமாவ் கஸ்தூரி பிழிந்து சோற்றோடு பிசைந்து கொண்டுபோகிறேன்.