கடைக்கு ரெண்டு ஸ்டார், வாசலில் நிற்கிற மெஷினுக்கு அஞ்சு

அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் போய் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் உடனே காரை எடுத்துவிடாதீர்கள். ஏரிப் பக்கமிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு நினைவுப்பொருள் கடை வரும் (பெயர் வேண்டாம், திட்டப்போகிறேன்), அதன் வாசலில் பென்னி (ஒரு சென்ட் காசு) நசுக்கும் பழைய கை மெஷின் ஒன்று நிற்கிறது.

பார்க்காதவர்கள் நம் ஊர் கரும்புச்சாறு மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு குவார்ட்டர் (25 சென்ட் காசு), ஒரு பென்னி, ஆக 51 சென்ட். தட்டில் வைத்து உள்ளே தள்ளிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் ரெண்டு எஃகு உருளைகளுக்கு நடுவில் பென்னி நசுங்கி, படம் பதிந்து, நீள்வட்டமாக 'டொக்' என்று கீழே விழும். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியிலேயே இப்படி நசுக்கி விற்றிருக்கிறார்கள். இந்த மெஷினில் நாலு படம், அதில் கிடார் மட்டும்தான் தேறும், மற்ற மூன்றும் ஏதோ பள்ளிக்கூட டிராயிங் மாதிரி இருக்கிறது.

கைப்பிடி கொஞ்சம் இறுக்கம். முதல் தடவை பாதியில் கை வலித்து நிறுத்தி, லேசாகப் பின்னால் சுற்றிவிட்டேன், கிடாருக்குக் கழுத்தே இல்லாமல் வந்தது. கல்லாவில் கேட்டால் "மெஷின் எங்களுடையது இல்லை" என்றார்கள், சரி, சில்லறையாவது கொடுங்கள் என்றால் பென்னியே இல்லையாம். 2025 நவம்பரோடு புழக்கத்துக்கான பென்னி அடிப்பதை அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள்தான், அதற்காக பென்னி மெஷினை வாசலில் வைத்துக்கொண்டு நாலு பென்னி வைத்திருக்கக் கூடாதா? கையோடு கொண்டு போய்விடுங்கள். எம் அண்ட் எம் மினிஸ் மிட்டாய் வருகிற குழாயில் குவார்ட்டரும் பென்னியும் அளவெடுத்த மாதிரி உட்காரும்.

எந்தப் பென்னி என்பதும் முக்கியம். 1982க்கு முந்தையது 95 சதவீதம் செம்பு, நசுக்கினால் பளிச்சென்று வரும். அந்த வருஷம் பாதியில் மாற்றிவிட்டார்கள், இப்போதிருப்பது உள்ளே துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு, உருளைக்குள் போனதும் பூச்சு கிழிந்து வெள்ளைக் கோடு விழும். அப்புறம், நசுக்குவதற்கு முந்தின நாளே புளி போட்டுத் தேய்த்துவிடுங்கள். குத்துவிளக்குக்குச் செய்கிற அதே வேலைதான்.

நான் ரெண்டு பென்னி எடுத்துப் போயிருந்தேன். ஒன்று 1981, மெட்டாலிகா ராக் குழு தொடங்கிய வருஷம், நல்ல செம்பு, அதைத்தான் கழுத்தை அறுத்தேன். இன்னொன்று 2011. அந்த அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா. கோயம்பேட்டில் ராத்திரி பஸ் ஏறிப் போன மூணு பேரில் நான் ஒருத்தன். சேற்றில் ஒரு செருப்பு போய், மிச்சமிருந்த ஒற்றைச் செருப்போடு தொண்டை கட்டுகிற வரை கத்தினேன், மறுநாள் காலையில் இட்லிக்குக்கூட விரலைக் காட்டித்தான் ஆர்டர். அந்த டிக்கெட்டைப் பர்ஸிலேயே வைத்திருந்தேன், இன்றைக்கு எழுத்தெல்லாம் போய் வெறும் வெள்ளைத் தாள்.

2011 துத்தநாகம், கோடு விழும் என்று தெரிந்தேதான் போட்டேன். பென்னியில் லிங்கன் முகமும் வருஷமும் இருக்கிற பக்கம் படமில்லாத உருளையைப் பார்க்கிற மாதிரி வைத்தால் பின்பக்கம் வருஷம் இழுபட்டாவது தங்கும். தங்கியது. கிடார் தந்திக்குக் குறுக்கே மின்னல் வெட்டின மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே மெடலும் விற்கிறார்கள். கனமாக, தங்க நிறத்தில், பிளாஸ்டிக் உறையோடு எட்டு டாலர். பாரிஸ் நாணயச்சாலை போடுகிற சுற்றுலா மெடல் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதன் செதுக்கலில் கால்வாசி இதில் இல்லை. வாங்காதீர்கள்.

2011 பென்னியைச் செருப்புத் தொலைந்த அன்று கூட இருந்த நண்பனுக்கே கோவைக்கு அனுப்பிவைத்தேன். படுபாவி, வந்த அன்றைக்கே லிங்கன் தலையில் ஓட்டை போட்டு பைக் சாவியில் மாட்டி போட்டோ அனுப்புகிறான். இன்னொரு 2011 பென்னி தேடிக்கொண்டிருக்கிறேன்.