செசபீக் – ஒஹையோ கால்வாய்ப் பாதை: வாகனம் நுழையாத 297 கிலோமீட்டர்

சைக்கிளில் நெடுந்தூரம் போக ஆசைப்படுகிறவர்களைத் தயங்க வைப்பது பெரும்பாலும் தூரமோ ஏற்றமோ அன்று. முதுகுக்குப் பின்னால் இரைச்சலோடு வரும் லாரிதான். அந்த அச்சமே இல்லாமல், நாள் முழுவதும் காட்டையும் ஆற்றையும் பழங்காலக் கட்டுமானங்களையும் பார்த்துக்கொண்டே ஓட்டக்கூடிய பாதைகளில் அமெரிக்காவின் செசபீக் – ஒஹையோ கால்வாயின் கரைப்பாதைக்கு நான் முதலிடம் தருவேன். வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பகுதிக்கும் மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லேண்ட் நகருக்கும் இடையே, பொடோமாக் ஆற்றை ஒட்டியபடி 184.5 மைல், அதாவது ஏறத்தாழ 297 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதை முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. பூங்காவின் பராமரிப்பு வண்டிகள் எப்போதாவது வரும். ஆங்காங்கே ஓர் ஊர்ச்சாலை குறுக்கிடும். மற்றபடி பெரும்பாலும் நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும்தான்.

இந்தப் பாதை சைக்கிளுக்காகப் போடப்பட்டதன்று என்பதே இதன் சிறப்புக்குக் காரணம். 1828 ஜூலை 4 அன்று அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டித் தொடங்கிவைத்த கால்வாய், ஒஹையோ ஆறு வரை செல்லத் திட்டமிடப்பட்டு, 1850-இல் கம்பர்லேண்டை எட்டியதோடு நின்றுபோனது. மேற்கு மலைகளின் நிலக்கரியை ஏறத்தாழ 120 டன் வரை சுமந்த படகுகளைக் கோவேறு கழுதைகள் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுத்துச் சென்றன. அவை நடந்த அந்தக் கரையில்தான் இன்று நாம் ஓட்டுகிறோம். சுமை இழுக்கும் விலங்குக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது என்பதால், முழுத் தூரத்துக்கும் உள்ள 605 அடி உயர வேறுபாட்டை 74 மதகுகளில் பங்கிட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றும் இருபுறமும் கதவு வைத்த கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ படகைச் சுமார் எட்டு அடி ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். கழுதைக்குச் செய்துவைத்த இந்தச் சலுகை, ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பிறகு நம் முழங்கால்களுக்குப் பயன்படுகிறது.

கம்பர்லேண்டிலிருந்து கிழக்கு நோக்கி இறங்குவதே நல்லது என்பது என் கருத்து. சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மதகையும் கடக்கும்போது பாதை ஓரிரு ஆள் உயரத்துக்குச் சட்டென்று சரியும், மிதிக்காமலே வண்டி முன்னே போகும். சற்று நேரத்தில் அடுத்த மதகு வருவதைக் கண் பார்ப்பதற்கு முன்பே கால் எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. இதைவிட முக்கியமான காரணம் வேறு. மைல்கற்களும் மதகு எண்களும் ஜார்ஜ்டவுனிலிருந்து தொடங்குவதால், மேலிருந்து வருகிறவர் 75-ஆம் எண்ணிலிருந்து ஒன்றாம் எண் வரை இறங்கி வருகிறார். அமைதியான காடு முதலில் வருகிறது, மக்கள் திரளும் பகுதி கடைசியில் வருகிறது. எண் 75 வரை இருந்தும் மதகுகள் 74 தான். பா பா சுரங்கத்துக்கு அருகே 66-க்கு அடுத்து 64⅔, 63⅓ என்று பின்ன எண்கள் வரும். 65 என்ற எண்ணே கிடையாது. வரைபடத்தை மட்டும் நம்பி 65-ஐத் தேடி யாரும் அலைய வேண்டாம்.

அந்தச் சுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுப் பயணத்திலும் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த இடம் அதுதான். ஆறு அங்கே ஆறு மைல் தூரத்துக்குக் குதிரை லாடம் போல வளைந்து வளைந்து செல்கிறது. அந்த வளைவுகளைத் தவிர்க்க மலையைக் குடைந்து 3,118 அடி நீளச் சுரங்கம் அமைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் முடிப்பதாக 1836-இல் தொடங்கிய வேலை, பணத்தட்டுப்பாடும் தொழிலாளர் மோதல்களும் குறுக்கிட்டதால் 1850-இல்தான் முடிந்தது. உட்சுவர் முழுவதும் செங்கல். உள்ளே சைக்கிளை ஓட்டக் கூடாது; இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், விளக்கும் கட்டாயம் வேண்டும். தரை மேடுபள்ளமானது, கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும், நடுப்பகுதியில் இரு முனைகளின் வெளிச்சமும் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். அவசரப்படாமல் கைப்பிடித் தடுப்பின் மரச்சட்டத்தின் மீது விளக்கைப் பிடித்துப் பாருங்கள். படகை இழுத்த கயிறுகள் பல்லாண்டுகள் உராய்ந்து உராய்ந்து மரத்தில் பதித்த பள்ளங்கள், விரல் பதியும் ஆழத்துக்கு இன்னும் அப்படியே இருக்கின்றன. எந்த அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையும் அந்தக் கால உழைப்பை இவ்வளவு நேரடியாக எனக்குக் காட்டியதில்லை.

சுரங்கத்துக்குக் கீழே வரலாற்றுச் சின்னங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. பிரெஞ்சுக்காரர்களுடனான போரின்போது மேரிலாந்து குடியேற்றம் 1756-இல் எழுப்பிய ஃபிரெடரிக் கற்கோட்டை, பாதையிலிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கிறது. ஷார்ப்ஸ்பர்க் ஊரை நெருங்கும்போது பாதையோரப் பாறையில் ஒரு குகை தென்படும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீடம் போர் நடந்தபோது ஊர்மக்கள் பீரங்கிக் குண்டுகளுக்குப் பயந்து ஒதுங்கிய இடம் அது. ஒரே நாளில் இருதரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 23,000 பேர் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போன அந்தப் போர்க்களத்துக்குப் பாதையிலிருந்து விலகிச் சென்று வரலாம். நேரம் இருக்கிறவர்கள் தவறவிடக் கூடாது. அதற்கும் கீழே, அடிமைமுறையை ஒழிக்க 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் ஆயுதக்கிடங்கைத் தாக்கிய ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஊர் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. அங்கே போக ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலத்துக்கு இரும்புப் படிக்கட்டில் ஏற வேண்டும். சுமை ஏற்றிய சைக்கிளோடு அந்தப் படிகளில் ஏறுவது கடினம். பைகளைக் கழற்றித் தனியே கொண்டுபோய், பிறகு வண்டியைத் தூக்குவதே எளிது.

கட்டுமான அழகு என்று பார்த்தால் மொனாக்கசி தொட்டிப்பாலத்துக்கு ஈடு இந்தப் பாதையில் வேறில்லை. துணையாறு ஒன்றின் மேலே கால்வாயையே தூக்கிச் சென்ற பாலம் அது. 1833-இல் முடிந்தது, ஏழு வளைவுகள், 516 அடி நீளம். ஆன்டீடம் போருக்குச் சில நாள்களுக்கு முன் தென்மாநிலப் படையினர் இதைத் தகர்க்க முயன்று, கல்லின் உறுதியால் கைவிட்டுப் போனார்கள். கழுதைகள் நடந்த ஓரத்தில் நின்று, ஒரு காலத்தில் நீர் ஓடிய வெற்றுத் தொட்டியைக் குனிந்து பார்க்கும்போதுதான், படகு ஆற்றுக்கு மேலே மிதந்து போயிருக்கிறது என்பது மனத்தில் உறைக்கிறது.

1924 வெள்ளத்தில் உடைந்தபின் கால்வாய் மீண்டும் இயங்கவில்லை. 1938-இல் அரசு வாங்கிய இந்தத் தடத்தில் பிற்பாடு கார்ச்சாலை அமைக்கும் யோசனை எழுந்தது. அதை எதிர்த்து 1954-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், சாலையை ஆதரித்துத் தலையங்கம் எழுதிய நாளிதழாளர்களைத் தம்மோடு நடந்துவந்து பார்க்கச் சொல்லி, கம்பர்லேண்டிலிருந்து முழுத் தூரமும் நடந்தார். 1971-இல் இது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. அந்த நடை நடக்காமல் போயிருந்தால், இன்று ஆற்றோரம் கேட்பது பறவைகளின் குரலாக இருந்திருக்காது.

பாதையின் தரத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அண்மை ஆண்டுகளில் பல பகுதிகளில் பொடிக்கல் பரப்பிச் செப்பனிட்டிருந்தாலும், மற்ற இடங்களில் இது வேர்களும் குழிகளும் நிறைந்த மண்பாதைதான். மழை பெய்தால் சில நாள்களுக்குச் சேறு காயாது. பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் இதற்கு உதவாது. 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயரும், சேறு அடைத்துக்கொள்ளாத அளவுக்கு இடைவெளி விட்ட மட்கார்டும் இருந்தால் நிம்மதி. மணி கட்டாயம்; வேக வரம்பு மணிக்கு 15 மைல். ஹான்காக் ஊரை ஒட்டிய பகுதியில் பழைய ரயில் தடத்தின் மீது தார் போட்ட இன்னொரு பாதை 28 மைலுக்கு இணையாக ஓடுகிறது. மழை நாளில் அதற்கு மாறிக்கொள்வதில் தவறில்லை. கம்பர்லேண்டிலிருந்து பிட்ஸ்பர்க் வரை 150 மைல் செல்லும் கிரேட் அலெகெனி பாசேஜ் ரயில்தடப் பாதையோடு ஒப்பிட்டால், வழவழப்பில் இது பின்தங்கியதுதான். ஆனால் இங்கே ஒரு நாள் ஓட்டத்தில் கண்ணில்படும் வரலாறு அங்கே கிடைக்காது என்பதால், ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருப்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

தங்குமிட ஏற்பாடு எளிமையானது, போதுமானது. நடப்போருக்கும் ஓட்டுவோருக்கும் மட்டுமான கூடார இடங்கள் சில மைல்களுக்கு ஒன்றாக அமைந்துள்ளன; கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை, ஓரிடத்தில் ஓர் இரவு. அடிபம்பும் கழிப்பறையும் இருக்கும், ஆனால் குளிர்காலத்தில் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள் என்பதால் அப்போது தண்ணீரைச் சுமந்தே செல்ல வேண்டும். கூடாரம் வேண்டாம் என்பவர்கள், மதகுக் காவலர்கள் வாழ்ந்த வீடுகளில் சிலவற்றை இரவுக்கு வாடகைக்கு எடுக்கலாம். 22-ஆம் மதகு வீடு கால்வாயின் தொடக்க காலத்தையும், 6-ஆம் மதகு வீடு டக்ளஸ் நடந்த 1950-களையும் காட்டும்படி பொருள்கள் வைத்து அமைக்கப்பட்டவை. சில வீடுகளில் மின்சாரமோ குழாய்நீரோ கிடையாது; அதைத் தெரிந்துகொண்டு பதிவு செய்வது நல்லது. கோடையில் கொசு மிகுதி, பாதையோரத்தில் மூன்றிலைக் கொத்தாக வளரும் நச்சுக்கொடியைத் தொட்டால் தோல் தடித்துவிடும். மே மாதப் பிற்பகுதியும் அக்டோபரும் ஓட்டுவதற்கு ஏற்றவை.

கடைசி 14 மைல், அதாவது கிரேட் ஃபால்ஸ் அருவியிலிருந்து ஜார்ஜ்டவுன் வரையிலான பகுதி, வார இறுதியில் நடப்பவர்களாலும் குழந்தைகளாலும் நிரம்பிவிடும். வாரநாள் காலையில் அங்கே வந்து சேரும்படி பயணத்தைத் திட்டமிட்டால் மதகுகளையும் அருவியையும் நின்று பார்க்க முடியும். வாகனம் இல்லாமல் தொடக்க இடத்துக்குப் போக வாஷிங்டனிலிருந்து ஆம்ட்ராக் ரயில் இருக்கிறது. ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலும் கம்பர்லேண்டிலும் நிற்கும், முன்பதிவு செய்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். அது ஓடும் தடம், கால்வாய் தொடங்கிய அதே 1828 ஜூலை 4 அன்று தொடங்கப்பட்டு, எட்டு ஆண்டுகள் முந்தி 1842-இலேயே கம்பர்லேண்டை எட்டிய பால்டிமோர் – ஒஹையோ ரயில்பாதையினுடையது. சைக்கிளுக்கான இடங்கள் குறைவு என்பதால், ரயில் சீட்டை முதலில் உறுதி செய்துகொண்டு மற்ற நாள்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.