தைத்து வந்த புத்தகமும் சமக்குறி ரசிகர்களும்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ என்ற மாயக்கதை நாவல் வரிசையின் மூன்றாம் தொகுதி போன வாரம்தான் பைண்டிங்கிலிருந்து திரும்பியது. சரியாகச் சொன்னால் அதன் பின்பாதி. என்னிடம் உள்ள பதிப்பில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்; பெட்டிக்குள் இருப்பவை ஐந்து தொகுதிகள், ஏழு புத்தகங்கள். மற்ற ஆறுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது மட்டும் ஒரே இடத்தில் பிளந்தது, கதையில் ஒரு கல்யாணம் நடக்கிற இடத்தில். பசையைக் குறை சொல்ல மாட்டேன். யாரோடு வாதம் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் இத்தனை வருடமாக விரித்துப் பிடித்திருக்கிறேன்.

தைத்து வாங்கிய அன்றே நண்பன் கேட்டான்: “இவ்வளவு நாளாக வைத்திருக்கிறாயே, நானும் வாங்கட்டுமா?” கதை அவனுக்குத் தெரியும், ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற பெயரில் தொலைக்காட்சியில் பார்த்தவன். ஆகவே அதை விடுகிறேன். நீண்ட நாள் புழக்கத்தில் நான் கண்டது வேறு. இந்த வரிசையைப் படிப்பதில் தொல்லை இல்லை. படித்தவர்களோடு பேசுவதில்தான் தொல்லை.

ரசிகர்களில் ஒரு சாரார் கதையில் எதைப் பார்த்தாலும் வரலாற்றில் ஒன்றைக் காட்டி, நடுவே சமக்குறி போடுவார்கள். கதையின் லானிஸ்டர் குடும்பம் என்றால் இங்கிலாந்தின் லங்காஸ்டர். ஸ்டார்க் என்றால் யார்க். வடக்கே நிற்கும் பனிச்சுவர் என்றால் ரோமானியர் பிரிட்டனில் கட்டிய ஹேட்ரியன் சுவர். சொல்லிவிட்டு, கணக்கைத் தீர்த்த மாணவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யாக இருந்தாலாவது சண்டை போடலாம். 1455 முதல் 1487 வரை இங்கிலாந்தில் லங்காஸ்டரும் யார்க்கும் அரியணைக்காக மோதிய ரோஜாப் போர்களிடம் பட்ட கடனை மார்ட்டினே மறைத்ததில்லை. 1981இல் ஹேட்ரியன் சுவர்மேல் நின்றபோது, அங்கே காவல் நின்ற ரோமானியச் சிப்பாயின் மனநிலையை எண்ணிப் பார்த்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். சரி. ஆனால் மனிதன் ஏறி நிற்கக்கூடிய ஒரு கற்சுவர், நாவலில் 700 அடி உயரப் பனியாக வளர்ந்தது ஏன்? அதைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

மூன்றாம் தொகுதியைப் படிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

விருந்துக்கு வந்தவர்களைக் கொன்றுபோடும் அந்தக் கல்யாணத்துக்கு மூலமாக ஸ்காட்லாந்தின் இரண்டு சம்பவங்களைச் சொல்வார்கள், மார்ட்டினும் ஒப்புக்கொண்டவைதான். ஒன்று, 1440இல் எடின்பரோ கோட்டையில் நடந்த ‘கறுப்பு விருந்து’. டக்ளஸ் குடும்பத்தின் இளம் பிரபுவையும் அவன் தம்பியையும் 10 வயது அரசனோடு உணவருந்த அழைத்தார்கள். மேசைக்குக் கறுப்புக் காளையின் தலை வந்தது என்பது செவிவழிக் கதை. பிறகு இருவர் தலையும் போனது என்பது வரலாறு. இன்னொன்று 1692இன் கிளென்கோ படுகொலை. “கிளென்கோவை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்” என்று ஒருவர் என்னிடம் ஒரு மாலை முழுக்கச் சாதித்தார். அப்படியே எடுக்கவில்லை, ஐயா! கிளென்கோவில் ஏறக்குறைய 2 வாரம் தங்கி உண்ட சிப்பாய்கள் இடம் கொடுத்தவர்களைக் கொன்றார்கள். நாவலில் கொல்வது இடம் கொடுத்தவன். உள்ளே நுழைந்ததும் ரொட்டியும் உப்பும் கேட்டு வாங்கிவிடு என்று தாய் மகனுக்குச் சொல்லி அழைத்து வருகிறாள். உப்பைத் தின்றுவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை என்பது அந்த உலகத்தின் சட்டம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று கேட்டு வளர்ந்த எனக்கு, உப்பிட்டவனே கத்தியை எடுத்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைக்கத் தோன்றியது. வரலாற்றுப் புத்தகம் என்னை அப்படிச் செய்யவில்லை. அந்தத் திருப்பத்தைச் சமக்குறியின் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

கோபம் போகட்டும், நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதே ஆட்கள் காட்டித்தான் சில இடங்கள் என் கண்ணில் பட்டன. நான்காம் தொகுதியில் ரோட்ரிக் என்ற புத்தகப் பைத்தியம், வரலாறு ஒரு சக்கரம் என்று ரிக்னி என்னும் அறிஞர் எழுதியதாகச் சொல்வான். மூன்று முறை படித்தும் கடந்து போயிருக்கிறேன். ‘த வீல் ஆஃப் டைம்’ (காலச் சக்கரம்) என்ற மாயக்கதை வரிசையை எழுதிய ராபர்ட் ஜோர்டனின் இயற்பெயர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி என்று ஒருவர் சொன்னபோது, அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். அந்தத் தொகுதி வந்தது 2005இல். ஜோர்டன் இறந்தது அதற்குப் பிறகுதான், 2007இல். இன்னொரு மாயக்கதை எழுத்தாளரான டாட் வில்லியம்ஸின் கதையில் மோதிக்கொள்ளும் எலியாஸ், ஜோசுவா சகோதரர்களின் பெயர்களையும் இங்கே வில்லம் குடும்பத்துப் பையன்களுக்குச் சூட்டியிருக்கிறார். ஓர் எழுத்தாளர் இன்னொருவருக்குத் தலையசைப்பது இப்படித்தான் இருக்கும்.

பிரெஞ்சு நாவலாசிரியர் மொரிஸ் துருவோனும் அப்படித்தான் என் கைக்கு வந்தார். 1314இல் எரியும் சிதையிலிருந்து பிரெஞ்சு அரசனுக்கு விழும் சாபத்தோடு தொடங்கும் ஏழு நாவல்கள். அசல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ இதுதான் என்று மார்ட்டின் வியந்தவை. டிராகன் கிடையாது, ஆனால் வஞ்சகத்துக்குக் குறைவில்லை. அவருடைய ஆறாம் நாவல் 1960இல் வந்தது, ஏழாவது 1977இல். 17 வருடம். மார்ட்டினின் ஐந்தாம் தொகுதி 2011இல் வந்தது, ஆறாவதுக்கு இன்னும் காத்திருக்கிறோம். இந்த விஷயத்திலும் துருவோனைத்தான் பின்பற்றுகிறாரோ என்று கூட்டிப் பார்த்தேன், 2028 வந்தது. இந்த ஒரு சமக்குறி எனக்குச் சம்மதம்.

தையல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் உள் ஓரத்து எழுத்துகள் தையலுக்குள் போய்விட்டன. கல்யாண அத்தியாயத்தில் வரிக்கு ஒரு சொல்லை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறேன். அதில் எனக்குச் சிரமமில்லை.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். துருவோனைப் படி, அது முடிந்த கதை என்றேன். அவன் கேட்கவில்லை, என் முதல் தொகுதியைக் கையோடு எடுத்துப் போனான். நேற்று இரவு செய்தி வந்தது: “மூன்று அத்தியாயம் முடித்தேன். ஸ்டார்க் என்றால் யார்க்தானே?”

இன்னும் பதில் போடவில்லை.