பிரன்ஸ்விக் ஸ்டூ: வர்ஜீனியாவா, ஜார்ஜியாவா?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பண்ணையில் வளர்ந்த பெரியவர்களிடம் பிரன்ஸ்விக் ஸ்டூ என்ற கெட்டியான கறிக்குழம்பைப் பற்றிக் கேட்டால், முற்றத்து விறகடுப்பு, இரும்புக் கொப்பரை, துடுப்பு மாதிரி நீண்ட மரக்கரண்டியை மாறி மாறிப் பிடித்துக் கிளறுவது என்று ஆரம்பித்துவிடுவார்கள். எந்த ஊர் ஸ்டூ என்று கேட்டால் சண்டைதான்.

வர்ஜீனியாவின் பிரன்ஸ்விக் கவுண்டிக்காரர்கள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) 1828-ஐச் சொல்வார்கள். வேட்டை முகாமில் ஜிம்மி மேத்யூஸ் என்ற கறுப்பினச் சமையல்காரர் அணில் கறியை வெங்காயம், வெண்ணெய், காய்ந்த ரொட்டியோடு வேகவைத்தாராம். ஜார்ஜியாவின் பிரன்ஸ்விக் நகரத்திலோ ஒரு பழைய கொப்பரையே நினைவுச்சின்னம். 1898 ஜூலை 2-ல் செயின்ட் சைமன்ஸ் தீவில் முதல் ஸ்டூ இதில்தான் வெந்தது என்கிறது அதன் கல்வெட்டு. ஆண்டுக் கணக்கில் வர்ஜீனியா முந்துகிறது. ஆனால் சோளம், பீன்ஸ், வேட்டைக்கறி மூன்றையும் ஒன்றாக வேகவைப்பது பூர்வகுடிகளுக்கு வெகு முன்பே பழக்கம். அதனால் இந்த வழக்கை விட்டுவிட்டுச் சட்டிக்குள் பார்ப்போம்.

வர்ஜீனியாவில் அணில் போய்க் கோழி வந்துவிட்டது. கூடவே உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம், பட்டர் பீன்ஸ், சோளம். கோழி நார்நாராகப் பிரிந்து, கிழங்கு கரைந்து, கரண்டியை நட்டால் சாயாமல் நிற்கும் கெட்டிக்கு வர வேண்டும். மணிக்கணக்கில் கிளற வேண்டிய வேலை. சோளத்தைக் கடைசியில்தான் போடுவார்கள். முன்னமே போட்டால் அடிப்பிடிக்கும். அங்கே இதுவே முழுச் சாப்பாடு.

ஜார்ஜியாவில் பெரும்பாலும் புகையில் வாட்டிய பன்றிக்கறி, சில வீடுகளில் மாட்டுக்கறியும் உண்டு. தக்காளி தூக்கலாக, பார்பிக்யூ சாஸின் புளிப்பும் இனிப்பும் காரமுமாக இருக்கும். பார்பிக்யூ கடைகளில் தொடுகறியாக ஒரு கிண்ணம் வரும். கறியிலேயே ருசி ஏறியிருப்பதால் சமையல் சுலபம். புகைபோட்ட கறி கையில் இல்லையென்றால் வெறும் சாஸ் குழம்புதான், சொல்லிவிட்டேன். கென்டக்கி மாநிலத்தின் பர்கூ என்ற ஸ்டூ இதற்குத் தூரத்துச் சொந்தம். ஓவன்ஸ்பரோ பக்கம் அதில் ஆட்டுக்கறி போடுவார்கள்.

என் ஓட்டு வர்ஜீனியாவுக்கு. கோழியும் கிழங்கும் பட்டர் பீன்ஸும் நம் சந்தையிலேயே கிடைக்கும். அடிகனமான பாத்திரமும் சிறு தீயும் போதும். குக்கரில் வைத்தால் கறி வெந்துவிடும், ஆனால் மூடிக்குள் கிளற முடியாதே. கெட்டியாவதற்கு முன்பே அடிப்பிடித்துவிடும்.