பழைய தியேட்டர் மண்டபம்: விசேஷத்துக்குப் பிடிக்கலாமா?

திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகும் ரோட்டில், தியேட்டராக இருந்து மண்டபமாக மாறிய கட்டிடம் ஒன்று இருக்கிறது. பேர் வேண்டாம். வைகாசியில் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து அங்கேதான் வைத்தோம், நான்தான் தாய்மாமன், அதனால் அட்வான்ஸ் கொடுத்ததிலிருந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தது வரை எல்லாம் என் தலையில். வாடகை டவுன் மண்டபங்களைவிடக் குறைவு, இடம் தாராளம். ஆனால் பந்தி போடும் பக்கத்தை நேரில் பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஹாலை நடுவில் தடுத்து, திரை இருந்த பக்கம் மேடை, பின்பக்கம் சாப்பாடு என்று பிரித்திருக்கிறார்கள். மேடைப் பக்கத்தை மட்டமாக்கி டைல்ஸ் ஒட்டியவர்கள் பின்பாதியைப் பழைய சரிவோடு அப்படியே விட்டுவிட்டார்கள். படம் பார்க்க அந்தச் சரிவு வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருப்பவர் தலை மறைக்கும். சாப்பிட உட்கார்ந்தால்தான் வினை. டேபிளை நீளவாக்கில் போட்டிருந்ததால் இலையில் ஊற்றிய ரசம், சோற்றில் குழி பறித்து அணை கட்டுவதற்குள் பக்கத்து இலைக்குப் போய்விடுகிறது. பரிமாறுகிற பையன்களுக்கு இது பழகிவிட்டது போல, ரசம் கேட்டால் டம்ளரை நீட்டுகிறார்கள். டேபிள்களைக் குறுக்குவாக்கில் போடச் சொல்லுங்கள், கொஞ்சம் பரவாயில்லை.

அப்புறம் சன்னல். தியேட்டருக்குள் வெளிச்சம் வரக்கூடாது என்று கட்டிய சுவர், அதில் இப்போது எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் சுற்றுகிறது. வைகாசி வெயிலில் வேர்த்துக் கொட்டியது. நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடிக்கும்வரை பட்டப்பகலில் கும்மிருட்டு. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள், சித்தப்பாக்களில் ஒருத்தர்தான் என்று சந்தேகம்.

மொய் விஷயத்தில் மட்டும் இந்த மண்டபத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பழைய டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்துதான் மொய் எழுதினோம். கம்பி போட்ட சன்னல், கை மட்டும் நுழையும் ஓட்டை, வெளியே ஒருத்தர் பின் ஒருத்தராகத்தான் நிற்க முடிகிற சந்து. தள்ளுமுள்ளு கிடையாது, தோளுக்கு மேல் எட்டி அடுத்தவர் எவ்வளவு எழுதினார் என்று பார்க்கவும் வழியில்லை. நம்ம பக்கம் மொய் நோட்டுக்கு இருக்கிற மரியாதை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆபரேட்டர் ரூமில் புரொஜெக்டருக்கு விட்ட சதுர ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன, வீடியோக்காரர் அதில் ஒரு கேமராவை வைத்து மொத்த மேடையையும் பிடித்துவிட்டார்.

மதுரைக்குள் இந்த மாதிரி மிச்சம் கிடைப்பது கஷ்டம். தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தது, 2563 இருக்கை, அந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. 1937-இல் வந்த 'சிந்தாமணி' படம் சம்பாதித்துக் கொடுத்த காசில் எழுந்த சிந்தாமணி தியேட்டரும் ஜவுளிக்கே போய்விட்டது. அத்தனை பேரை ஒரே ஷோவுக்கு வரவைக்க டிவி வந்த பிறகு யாரால் முடியும்? ரீகல்தான் வேறு ரகம், விக்டோரியா எட்வர்டு மன்றக் கட்டிடத்தில் அந்தக் காலத்தில் பகலில் நூலகம், சாயங்காலம் இங்கிலீஷ் படம் என்று ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பிழைப்பு நடந்தது. நம்ம மண்டபம் அந்த அளவுக்கு யோசித்துச் செய்ததில்லை, செலவு பார்த்து அரைகுறையாக நிறுத்திய வேலை. ஆனால் முழுசாகச் செய்திருந்தால் அந்தக் கவுண்டரையும்தான் இடித்திருப்பார்கள்.

சைக்கிள் ஸ்டாண்ட் பெரிசு, வேன், பஸ் எல்லாம் தாராளமாக நிற்கும். தாய்மாமன் சீரை முன்வாசல் வழியாகக் கொண்டுவராதீர்கள், தாம்பாளத்தோடு சந்தில் மாட்டிக்கொள்வீர்கள். பக்கவாட்டு எக்ஸிட் கதவுகளை முதல் நாளே திறந்து வைக்கச் சொல்லிவிடுங்கள், ஒன்றின் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஜெனரேட்டர் டீசலுக்குத் தனிக் காசு, அதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.